எட்டாத மூட்டுக்குக் கிரீஸ் இடுதல்: சங்க யந்திரங்களின் இணைப்புத் தண்டு பற்றிய பாடம்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரி நீரை நம்பிப் பயிரிடும் குடியானவர்களுக்கு நடவுக்கு முன் சேறு கலக்கும் சில தினங்களே மிகவும் நெருக்கடியானவை. மடை திறந்த பிறகு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் டிராக்டர் வேண்டியிருக்கிறது. சொர்ணவாரியாயினும் சம்பாவாயினும் நவரையாயினும் நிலைமை இதுவே. கூட்டுறவுச் சங்கம் வாடகைக்கு விடும் டிராக்டரும் ரோட்டவேட்டரும் அந்நாட்களில் ஒரு வயலினின்று மறு வயலுக்கு ஓய்வின்றிச் செல்லுகின்றன. இடையில் யந்திரம் நின்றுவிட்டால், முறை பதிந்துகொண்டு காத்திருக்கும் அங்கத்தினர் அத்தனை பேருடைய நாற்றும் நாற்றங்காலிலேயே முற்றிப்போகும். யந்திரம் நிற்பதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் மிகவும் அற்பச் செலவில் தடுக்கக்கூடிய ஒன்றைக் குறித்தே இப்பாடம் எழுதப்படுகிறது. டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவே சுழலும் இணைப்புத் தண்டின் மூட்டுகள் கிரீஸின்றி வறண்டு போவதே அது.

இத்தண்டைப் பி.டி.ஓ. ஷாப்ட் என்றும், அதன் இரு முனைகளிலுமுள்ள மூட்டைக் 'கிராஸ்' என்றும் பட்டறைகளில் சொல்லுவார்கள். டிராக்டரின் பின்புறத்து முனை ஓரிடத்தில் நிலைத்திருக்க, ரோட்டவேட்டரோ வயலின் மேடு பள்ளத்துக்கேற்ப ஏறியும் இறங்கியும் போகின்றது. நேரான ஒரே இரும்புத் தண்டை இவ்விரண்டுக்கும் இடையே பூட்டினால் முதல் வரப்பிலேயே அது முறிந்துவிடும். ஆகையால் மடங்கிக்கொண்டே சுழலக்கூடிய மூட்டு வேண்டும். கவை போன்ற இரண்டு இரும்புகளை எதிரெதிராக வைத்து, நடுவே சிலுவை வடிவான ஓர் உருக்குத் துண்டைக் கோத்தால் அம்மூட்டு உண்டாகிறது. இத்தாலி தேசத்தில் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்டானோ என்னும் பண்டிதரின் பெயரால் சில தேசங்களில் இது இன்றும் வழங்குகின்றது. இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பார் 1676-இல் இதனை விவரித்து எழுதினார். மோட்டார் வண்டிகளுக்கு ஏற்றவாறு இதனைத் திருத்தி 1903-இல் அமெரிக்காவில் உரிமை பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைஸர். மோட்டார் லாரியின் அடியிலும் சுமை வண்டியின் அடியிலும் இருப்பது இதுவே.

சிலுவைத் துண்டுக்கு நான்கு முனைகள் உண்டு. ஒவ்வொரு முனையின் மேலும் ஓர் உருக்குக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். கிண்ணத்துக்கும் முனைக்கும் நடுவே, தையல் ஊசியைத் துண்டு துண்டாய் நறுக்கி அடுக்கியது போன்ற மெல்லிய உருளைகள் இருக்கின்றன. டிராக்டரின் பலமெல்லாம் இந்த ஊசி உருளைகளின் வழியாகவே ரோட்டவேட்டருக்குப் போக வேண்டும். இதில் ஒரு விசேஷம் உண்டு. வண்டிச் சக்கரத்தின் உருளைகள் முழுச் சுற்றும் சுற்றிவருவதால் தேய்மானம் எங்கும் பரவுகின்றது. இவ்வூசி உருளைகளோ மூட்டு மடங்கும் அளவுக்கே முன்னும் பின்னும் ஆடுகின்றன. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும்போது அவை விநாடிக்கு ஒன்பது தடவை அதே குறுகிய இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அவ்விடத்தில் கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிட்டால் மறுபடி தானாக அங்கே வந்து சேராது. இரும்போடு இரும்பு உராய்ந்து, உருளைகள் முனையின்மேல் வரி வரியாகப் பள்ளம் பறிக்கின்றன. கிண்ணத்தின் வாயில் செங்காவி போன்ற தூள் கசிந்திருப்பதைக் கண்டால் அம்மூட்டு வறண்டு வெகு நாளாயிற்று என்று அறியலாம். சேற்று வயலில் இக்கேடு இன்னும் விரைவாய் வரும். கிண்ணத்தின் வாயிலுள்ள ரப்பர் வளையத்தைக் கடந்து சேறும் நீரும் உள்ளே புகுந்துவிடுவதே காரணம்.

இவ்வளவு தெரிந்திருந்தும் கிரீஸ் இடப்படாமல் போவதேன்? சோம்பலே காரணமென்று சொல்லிவிடுவது எளிது; ஆனால் அது முழு உண்மையன்று. மூட்டின் நிப்பிள், கையும் கிரீஸ் கன்னும் எளிதில் எட்டாத இடத்தில் இருக்கின்றது. ஒருபுறம் டிராக்டரின் மேற்காப்புத் தகடு; இருபுறமும் ரோட்டவேட்டரைத் தாங்கும் இழுகைகள்; இவற்றுக்கு நடுவே தண்டின்மேல் பிளாஸ்டிக் காப்புக் குழாய் மூடியிருக்கின்றது. நிப்பிள் மேற்புறமாய் நின்றால் ஒருவாறு எட்டலாம். கீழ்ப்புறமாய்த் திரும்பி நின்றுவிட்டாலோ பூமியில் படுத்தாலும் எட்டாது. ஒரு முறை முயன்று கைவிட்டவர், மறு முறை முயலுவதில்லை. இன்னும் சிலர் செய்வது இதனினும் கெட்ட காரியம். கிரீஸ் இடுவதற்குத் தடையாயிருக்கிறதென்று காப்புக் குழாயையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மூட்டுக்கு நல்லது செய்வதாக எண்ணி மனிதனை அபாயத்தில் விடும் வேலை இது.

கணக்கிட்டுப் பார்த்தால் இவ்வபாயம் விளங்கும். காப்பில்லாத தண்டின் பருமன் குறுக்கே சுமார் 7 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அது விநாடிக்கு ஒன்பது சுற்று சுற்றினால், அதன்மேல் மாட்டிய துணி ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், அதாவது நான்கு முழத்துக்கு மேல் சுருட்டப்படும். நாலு முழ வேட்டி முழுவதும் ஒரு விநாடியில் போய்விடும். அதை உடுத்தியிருப்பவர் கையை உயர்த்திக் கூவுவதற்கும் அவகாசமில்லை. தோளில் தொங்கும் துண்டும், சேலைத் தலைப்பும், அவிழ்ந்த பின்னலும் அப்படியே. தண்டு பார்வைக்கு வழுவழுப்பாய் இருப்பதால் பிடிக்காது என்று எண்ணுவது தவறு. மூட்டின் கவையிலும் பூட்டு ஊசியிலும் துணி மாட்ட ஒரு முனை போதும். ஆகவே காப்பைக் கழற்றாமலே எட்டாத நிப்பிளை எட்டச் செய்யும் வழியைத்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து, கிரீஸ் இடுகிறவர் தம் பையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். சாவி டிரைவரிடம் இருப்பது போதாது. குனிந்திருப்பவரைக் காணாமல் வேறொருவர் ஏறி முடுக்கிவிடக்கூடும். பிறகு பி.டி.ஓ. கம்பியைத் தளர்நிலையில் வைக்க வேண்டும். ரோட்டவேட்டரின் கத்திகள் மண்ணில் பதிந்திருந்தால் தண்டைக் கையால் திருப்ப முடியாது. ஆகையால் என்ஜினை நிறுத்துவதற்கு முன்பே அதனைச் சற்று உயர்த்தி, அடியில் இருபுறமும் கனமான மரக்கட்டை கொடுத்து, கட்டையின்மேல் இறக்கி நிறுத்திக்கொள்ள வேண்டும். டிராக்டர் தூக்கியபடி தொங்கும் ரோட்டவேட்டரை நம்பி ஒருவரும் அதன்கீழ் கை நீட்டலாகாது. இப்பொழுது தண்டைக் கையால் மெதுவாய்த் திருப்பினால் நிப்பிள் மேற்புறம் வந்து நிற்கும். காப்புக் குழாயின் முனையில் இதற்கென்றே துளை விட்டிருக்கும் ரகங்களும் உண்டு. துளைக்கு நேரே நிப்பிளைக் கொண்டுவந்து நிறுத்தினாற் போதும்.

அப்படியும் எட்டாவிட்டால் குறை கிரீஸ் கன்னின் வாயில்தான் இருக்கிறது. கடையில் வாங்கியபடியே அதற்கு நேரான இரும்புக் குழாய் இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு முழ நீளமுள்ள வளையும் ரப்பர் குழாய் ஒன்றும், செங்கோணமாய் வளைந்த வாய் ஒன்றும், ஊசி மூக்குப் போன்ற கூர் வாய் ஒன்றும் சங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் எட்டாத இடமென்று ஏறக்குறைய ஒன்றுமிராது. இவற்றை அதிகச் செலவென்று கமிட்டியார் நினைத்தல் ஆகாது. ஒரு கிராஸ் உடைந்து தண்டு பறந்தால் காப்பு, கவை, கியர்ப் பெட்டி ஆகிய யாவும் சேதமாகும். நிப்பிளிலும் நேரானது, சாய்வானது, செங்கோணமானது என்று வகைகள் உண்டு. அதே மரையுள்ள சாய்வு நிப்பிளை மாற்றிப் போட்டுக்கொண்டால் சில இடங்களில் கஷ்டம் அதோடு தீர்ந்தது.

வேலை முடிந்து கொட்டகைக்குத் திரும்பியபின் தண்டையே கழற்றி வைத்துக்கொண்டு கிரீஸ் இடுவது எல்லாவற்றிலும் உத்தமம். டிராக்டர் முனையிலுள்ள பூட்டு ஊசியை அழுத்தி இழுத்தால் அது வந்துவிடும். தரையில் வைத்து மூட்டை நான்கு திசையிலும் மடக்கிப் பார்த்துக்கொண்டே பம்பு செய்யலாம். நான்கு கிண்ணங்களும் கண்ணுக்குத் தெரியும். இப்படிச் செய்கையில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களும் தனித்தனியே பிரிந்து வந்துவிடுவதுண்டு. பிரிவதற்கு முன்பே இரண்டின்மேலும் சேர்த்து ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ள வேண்டும். அதன் காரணம் பின்னர்ச் சொல்லப்படும்.

கிரீஸ் கன்னின் வாயை வைப்பதற்கு முன் நிப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் பம்பு செய்வது, அதன்மேல் ஒட்டிய மண்ணை நேரே ஊசி உருளைகளுக்குள் செலுத்துவதாகும். பம்பு செய்வதும் மெதுவாய் இருக்க வேண்டும். பலங்கொண்ட மட்டும் அழுத்தினால் ரப்பர் வளையம் பிதுங்கிக் கிழிந்துபோகும். எத்தனை அழுத்து என்று எண்ணிக்கை சொல்லுவது வழக்கமாயினும் அது உசிதமன்று. நான்கு கிண்ணங்களின் வாயிலும் பழைய கறுத்த கிரீஸ் வெளிவந்து, அதன் பின்னே புதியது தலைகாட்டினால் போதுமானது. மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றே பிறகு முறியப்போகும் இடம். மூட்டை அப்புறமும் இப்புறமும் மடக்கிக்கொண்டே மீண்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் அக்கிண்ணத்தைக் கழற்றித் துவாரத்தைச் சுத்தம் செய்யாமல் வயலுக்கு அனுப்பலாகாது.

லிதியம் சோப்பினால் செய்த 2-ஆம் எண் கிரீஸ் சாதாரணமாய் இவ்வேலைக்கு ஏற்றது. கால்சியம் கிரீஸ் விலை குறைந்தது, தண்ணீரையும் தாங்கும், ஆனால் சூட்டில் இளகிப்போகும். இரண்டையும் ஒன்றாய்க் கலப்பது கூடாது. சில கலவைகள் கஞ்சிபோல நீர்த்து ஒழுகிவிடும். எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை என்பதற்கு யந்திரத்தோடு வந்த புத்தகமே பிரமாணம். பழைய ரகத் தண்டுகளுக்கு எட்டு மணி நேர வேலைக்கு ஒரு தடவை என்பது பொதுவான விதி. புதிய ரகங்களில் சிலவற்றுக்கு ஐம்பது மணியும் அதற்கு மேலும் கெடு உண்டு. கெடு எதுவாயினும் சேற்று வேலை செய்த தினத்தன்று மாலையிலேயே இட்டுவிடுவது நலம். மறுநாள் காலையில் இடுவதற்கும் இதற்கும் வித்தியாசமுண்டு: இரவு முழுவதும் உள்ளே தங்கும் நீர் துருவை உண்டாக்கிவிடும். குழாய் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இடமும், காப்பு தாங்கும் வளையமும் மறக்கத்தக்கவையல்ல. வழுக்கும் குழாய் இறுகிப்போனால் திரும்பும்போது தண்டே டிராக்டரை முட்டித் தள்ளும்.

தனி மனிதர் தம் டிராக்டரைக் கவனிப்பதுபோல் சங்கத்து டிராக்டர் ஏன் கவனிக்கப்படுவதில்லை என்ற கேள்வி பொதுக் கூட்டங்களில் எழுவதுண்டு. காலையில் ஒரு அங்கத்தினர் வயலிலும் பிற்பகலில் மற்றொருவர் வயலிலும் உழும் யந்திரத்துக்கு எட்டு மணி நேரம் எவர் வயலில் முடிகிறது? வாடகை கொடுத்தவர் டிரைவரின் வேலை என்பார். டிரைவர் கிரீஸ் வாங்கித் தரவில்லை என்பார். காரியதரிசியோ எவரும் கேட்கவில்லை என்பார். மூவர் சொல்லுவதும் பொய்யன்று. ஆகையால் வேலையை ஒரே ஒருவர் பொறுப்பில் விட்டு, டிராக்டரின் மணிக் கருவி காட்டும் எண்ணோடு ஒரு நோட்டில் அவரைக் கையொப்பமிடச் செய்ய வேண்டும். வாடகை மணியைக் குறிக்கும் ஏட்டிலேயே இதற்கொரு பத்தி சேர்த்துவிட்டால் தனி நோட்டும் வேண்டுவதில்லை. கிரீஸ் இடும் கால் மணி நேரத்தை எந்த அங்கத்தினர் தலையிலும் வாடகையாய் ஏற்றக்கூடாது. ஏற்றினால் ஒவ்வொருவரும் தம் வயலில் வேண்டாமென்றே சொல்லுவார்கள்.

இவ்வூருக்கு இந்த முறை புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறித்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே புகழப்படுகின்றன. அவற்றிலேயே ஏரி வாரியம் முதலிய வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாகாது என்ற விதியும் இருக்கிறது. ஏரி ஊருக்கெல்லாம் பொது. டிராக்டர் சங்கத்துக்கெல்லாம் பொது. மணிக்கணக்கும் கிரீஸ் கணக்கும் காட்டும்படி கமிட்டியாரைக் கேட்க அங்கத்தினருக்கு எவ்வித கூச்சமும் வேண்டுவதில்லை.

உரமூட்டையும் பால் கேனும் ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர வண்டிகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளின் முன்பாகத்தை வைத்துக்கொண்டு, பின் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சக்கர அச்சும் பலகையும் பொருத்திய வண்டிகள் பல தேசங்களில் ஓடுகின்றன. சௌராஷ்டிரத்தில் புல்லட் மோட்டார் சைக்கிளிலிருந்து பிறந்த 'சக்டா' பெயர் பெற்றது.  வண்டியின் அமைப்பைத் தக்க அதிகாரியின் அனுமதியின்றி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கின்றதாகையால், சங்கப் பணத்தில் இத்தகைய வண்டியை வாங்க எண்ணுகிறவர்கள் பதிவுப் புத்தகத்தை முதலில் பார்த்துக்கொள்ளக் கடவர். சங்கிலியால் ஓடும் வண்டிக்கு இப்பாடம் வேண்டாம். தண்டால் பின் அச்சை ஓட்டும் வண்டியில், டிராக்டரில் உள்ளதைவிட மூட்டு இன்னும் மறைந்து கிடக்கின்றது. மேலே பலகை, பக்கங்களில் சட்டத்தின் இரும்பு, அருகே சுடும் புகைக்குழாய். என்ஜின் ஆறிய பிறகு, கியரைத் தளர்நிலையில் வைத்து, வண்டியை ஒரு சாண் ஒரு சாணாய்க் கையால் உருட்டினால் தண்டும் கூடவே திரும்பி நிப்பிளைக் காட்டும். காட்டியவுடன் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட வேண்டும். ஜாக்கியின்மேல் மாத்திரம் வண்டியை நிறுத்திக்கொண்டு அடியில் புகுவது தற்கொலைக்கு ஒப்பாகும். மூட்டுக்கு நேரே மேற்பலகையில் கை நுழையும் அளவு ஒரு வாயில் அறுத்து, கீல் வைத்த மூடி போட்டுவிட்டால் படுக்கவே வேண்டுவதில்லை. பலகையை அறுக்கலாமே தவிர, சட்டத்தின் இரும்பில் வாளோ வெல்டிங்கோ படலாகாது. நிப்பிளே இல்லாமல் மூடி முத்திரையிட்ட கிராஸும் சில வண்டிகளில் உண்டு. அதற்குக் கிரீஸ் இட வழியில்லை, ஆட்டம் கண்டவுடன் மாற்றுவதொன்றே வழி.

ஆட்டம் காண்பது எப்படியென்றால், என்ஜின் நின்றிருக்கையில் மூட்டின் இருபுறத்தையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராக முறுக்கியும், மேலும் கீழுமாய் அசைத்தும் பார்க்க வேண்டும். மூட்டு மடங்கலாம், ஆனால் கிண்ணத்துக்குள் சிலுவை சிறிதும் குலுங்கக்கூடாது. குலுங்கினால் எவ்வளவு கிரீஸ் இட்டும் பிரயோஜனமில்லை. நான்கு கிண்ணங்களோடு கூடிய புதிய கிராஸையே போட வேண்டும். கெட்டது ஒன்றுதானே என்று ஒரே கிண்ணத்தை மாற்றுவது பணத்தை வீணாக்குவதாகும். போடும்போது, தண்டின் இரு முனைகளிலுமுள்ள நிப்பிள்கள் ஒரே பக்கம் பார்க்கும்படியும், காப்பின் துளைக்கு நேரே வரும்படியும் வைக்குமாறு பட்டறைக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது. அப்பொழுது ஒரு முறை தண்டைத் திருப்பினால் இரண்டும் எட்டும்.

முன்னே கோடு கீறச் சொன்னதன் காரணம் இதுதான். ஒரு மூட்டு 30 பாகை மடங்கி நின்றால், டிராக்டர் ஒரே சீராக 540 சுற்று வேகத்தில் சுற்றினாலும், மூட்டைக் கடந்த தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை 468-க்குத் தாழ்ந்து இரு முறை 624-க்கு ஏறும். இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் நின்று, இரு மூட்டுகளும் ஒரே அளவு மடங்கினால், முதல் மூட்டு செய்த குறையை இரண்டாவது மூட்டு சரிப்படுத்திவிடும். கவைகள் ஒன்றுக்கொன்று குறுக்காய் நின்றாலோ குறை இரட்டிப்பாகித் தண்டு முழுதும் அதிரும். சதுரக் குழாயை நான்கு விதமாய் நுழைக்கலாம். அவற்றுள் இரண்டே சரி. புதிதாய்க் கிரீஸ் இட்ட மறுநாளே யந்திரம் அதிருகிறதென்று புகார் வந்தால், கிரீஸைக் குறை கூறாமல் கீறிய கோடு நேரே நிற்கின்றதா என்று முதலில் பார்க்க வேண்டும்.